பிளேடு ரேடியோ கிட் வாங்கலாமா? நெல்லைச் சீமையில் சோதித்துப் பார்த்த மதிப்புரை

இரண்டாம் உலகப் போரின்போது படைவீரர்கள் பதுங்குகுழிக்குள் இருந்தபடியே சவர பிளேடையும் ஊக்கையும் வைத்துச் செய்துகொண்ட வானொலியை நாமும் வீட்டில் செய்து பார்க்கலாம் என்ற விளம்பரத்துடன் இணையத்தில் ஒரு கிட் விற்கப்படுகிறது. அதை அண்மையில் வரவழைத்தேன். தபால் செலவும் சேர்த்து ஆயிரம் ரூபாயைச் சற்றே தாண்டியது. ஒரு மரப்பலகை, அட்டைக் குழல், எனாமல் கம்பிச் சுருள், இரண்டு பிளேடுகள், ஓர் ஊக்கு, பென்சில் துண்டு, பித்தளைத் திருகுகள், பீங்கான் வில்லை வைத்த ஓர் இயர்போன், ஏரியலுக்கென்று ஐந்து மீட்டர் ஒயர், ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒரு சிறிய கையேடு ஆகியவை பெட்டிக்குள் இருந்தன. வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடலாம்: ரேடியோ பாடுகிறது, ஆனால் பெட்டியில் இருப்பதை மட்டும் நம்பினால் பாடாது. இந்தக் கருவியின் உயிர் பிளேடில் இல்லை, வெளியே கட்டும் கம்பியிலும் (ஏரியல்) மண்ணில் இறக்கும் கம்பியிலும்தான் (எர்த்) இருக்கிறது. அந்த இரண்டைப் பற்றியும் கிட் தயாரித்தவர்கள் சரியாக யோசிக்கவில்லை.

பெட்டியின் மேலட்டையில் உள்ள படமே தவறான எண்ணத்தை உண்டாக்குகிறது. செங்கல் வடிவக் கருவி ஒன்றைக் காதில் வைத்துப் பேசும் வீரரின் ஓவியம் அதில் இருக்கிறது. அந்தக் கருவி, அமெரிக்காவின் கால்வின் நிறுவனம் (பிற்காலத்தில் மோட்டரோலா என்று பெயர் மாறியது) 1941 முதல் தயாரித்த எஸ்.சி.ஆர். 536 என்ற கையடக்கப் பேசி. ஐந்து வால்வுகளும் (டிரான்சிஸ்டருக்கு முன்பு வானொலிகளில் இருந்த கண்ணாடிக் குழல்கள்) மின்கலங்களும் கொண்டு ஏறத்தாழ 2.3 கிலோ எடையுள்ள அது, ஒரே அலைவரிசையில் பேசவும் கேட்கவும் பயன்பட்டது. ஏரியலை வெளியே இழுத்தால் இயங்கும், உள்ளே தள்ளினால் அணைந்துவிடும். தரையில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் தூரம் எட்டும். அதே நிறுவனத்தின் எஸ்.சி.ஆர். 300 முதுகில் சுமக்கும் பெட்டி. எடை 14 கிலோவுக்கு மேல். போர்க்காலத்தில் வாக்கி டாக்கி என்று பரவலாக அழைக்கப்பட்டது அதுதான். அவை படைப்பிரிவு தன் வேலைக்காகக் கொடுத்த கருவிகள். பிளேடு ரேடியோவோ வீரன் தன் சொந்த ஆசைக்காகத் தானே செய்துகொண்டது. அதில் பேச முடியாது, கேட்க மட்டுமே முடியும். இந்த வேறுபாட்டை மறைக்கும் படத்தைப் பார்த்து, இரண்டு பெட்டி வாங்கினால் பிள்ளைகள் மாடிக்கும் தெருவுக்குமாகப் பேசி விளையாடலாம் என்று நினைப்பவர்கள் ஏமாந்துபோவார்கள்.

கையேட்டின் வரலாற்றுப் பகுதி பாதி சரி, பாதி பிழை. சரியான பாதி இத்தாலியின் அன்சியோ கடற்கரையைப் பற்றியது. 1944 ஜனவரி 22 அன்று நேச நாட்டுப் படைகள் அங்கே கரையிறங்கின; முன்னேற முடியாமல் மே மாதக் கடைசி வரை ஒரு குறுகிய கரைப்பகுதிக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தன. வால்வு வைத்த சாதாரண வானொலிப் பெட்டிகள் பல, அலையைப் பிரித்தறிவதற்காகத் தமக்குள்ளேயே ஓர் அலையை உண்டாக்குகின்றன. அதில் ஒரு பகுதி ஏரியல் வழியே வெளியே கசியும். திசைகாணும் கருவி வைத்திருக்கும் எதிரி, அந்தக் கசிவை வைத்தே பெட்டி இருக்கும் இடத்தை மோப்பம் பிடிக்கக்கூடும் என்ற அச்சம் அப்போது இருந்தது. பிளேடு ரேடியோவில் வால்வும் இல்லை, மின்கலமும் இல்லை. வந்து சேரும் அலையின் ஆற்றலையே எடுத்து இயர்போனை அசைக்கிறது. ஆகவே அது எதையும் வெளியே விடுவதில்லை. அங்கிருந்த வீரர்கள் இப்படித் தம் படையின் ஒலிபரப்பையும், அவர்களைச் சோர்வடையச் செய்வதற்கென்றே ரோமிலிருந்து எதிரணி நடத்திய ஒலிபரப்பையும் சேர்த்தே கேட்டார்கள். இதைக் கையேடு தெளிவாகவே எழுதியிருக்கிறது.

பிழையான பாதி, சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதையில் ஜப்பானியரிடம் சிக்கிய போர்க்கைதிகளும் இதே ரேடியோவைத்தான் செய்தார்கள் என்ற வரி. அந்தப் பாதையில் மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட நம் தமிழ்த் தொழிலாளர்கள் எத்தனை ஆயிரம் பேர் மாண்டார்கள் என்பதை அறிந்த நமக்கு, அங்கே நடந்ததைப் பற்றி அலட்சியமாக எழுதுவதைப் படிக்கப் பொறுக்கவில்லை. அந்த முகாம்களில் தண்ணீர்க் குடுவைக்குள்ளும் மூங்கிலுக்குள்ளும் ஒளித்து வைக்கப்பட்டவை வால்வு ரேடியோக்கள். அவர்கள் கேட்க வேண்டியிருந்தது பக்கத்து நிலையத்தை அல்ல. டெல்லி போன்ற தொலைதூர நிலையங்களின் சிற்றலைச் செய்திகளை. பிளேடும் ஊக்கும் அந்தத் தூரத்துக்கு எட்டாது. 1943-இல் காஞ்சனபுரி முகாமில் ரேடியோ பிடிபட்டபோது அதிகாரிகள் இருவர் அடித்தே கொல்லப்பட்டனர். வால்வுக்கும் மின்கலத்துக்கும் உயிரைப் பணயம் வைத்தவர்களை ஓர் ஊக்கோடு முடித்துவிடுவது சரியல்ல.

இனிக் கருவிக்கு வருவோம். பிளேடின் வேலை அலையை ஒருபக்கமாக மட்டும் கடத்துவது. அலை இருபக்கமும் சமமாக ஆடும் வரை இயர்போனுக்கு எதுவும் புரியாது; ஒரு பக்கத்தை வெட்டிவிட்டால்தான் அதன் மேல் ஏறி வரும் பேச்சும் பாட்டும் வெளிப்படும். இப்போது டயோடு என்ற சிறு மின்னணுப் பாகம் செய்யும் இந்த வேலையை, பிளேடின் மேல் படிந்திருக்கும் மெல்லிய ஆக்சைடு படலமும் அதைத் தொடும் கூர்முனையும் சேர்ந்து செய்கின்றன. அக்காலத்துப் பிளேடு கார்பன் எஃகு. சிலவற்றை நீலம் பாய்ச்சியே விற்றார்கள். கிட்டில் வந்த இரண்டும் பளபளக்கும் துருப்பிடிக்காத எஃகு. கையேடு சொல்கிறபடி அடுப்புத் தீயில் காட்டினாலும், கார்பன் எஃகு ஏறத்தாழ 300 டிகிரியில் எளிதாகப் பெறும் நீலம் இவற்றில் லேசில் வருவதில்லை. ஒரு மூலையில் வைக்கோல் நிறமும் மறுமூலையில் ஊதாவுமாகத் திட்டுத் திட்டாகவே வந்தது. பழைய சாமான் கடையில் துருவேறிக் கிடந்த கார்பன் எஃகு பிளேடு இவற்றைவிட நன்றாக வேலை செய்தது. கொல்லப்பட்டறையில் காய்ச்சி எடுத்த அரிவாள் தகட்டின் கருநீலப் பகுதியில் முனையை வைத்தபோதும் மெல்லியதாகக் கேட்டது. நம் ஊர்ப் பட்டறைக்காரர்களுக்கு இந்தப் பெருமையையும் சேர்த்துக்கொள்ளலாம்.

முனையை வைக்கும் விதத்தில்தான் இந்தக் கருவியின் சுவையே இருக்கிறது. ஊக்கை விரித்து, அதன் கூரில் பென்சிலின் கரித்துண்டைச் செருகி, அந்தக் கரிமுனை பிளேடின் மேல் தன் எடையால் மட்டும் தங்கும்படி பலகையில் பொருத்த வேண்டும். அழுத்தினால் ஓசை செத்துவிடும். தூக்கினால் கரகரவென்று இரையும். நகத்தால் ஊக்கின் வாலைத் தள்ளி, முனையை மயிரிழை மயிரிழையாக நகர்த்திக்கொண்டே போகையில், ஒன்றும் கேட்காத நீலத் திட்டுக்கும் மங்கிய பழுப்புத் திட்டுக்கும் நடுவிலுள்ள விளிம்பில் திடீரென்று ஒரு மனிதக் குரல் தெளிவாக எழும். பலகை இருக்கும் மேசையில் யாராவது டம்ளரை வைத்தால் போதும், அந்தக் குரல் போய்விடும். மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும். குண்டு விழுந்து மண் அதிரும் குழிக்குள் இதை வைத்துக்கொண்டு அவர்கள் பட்ட பாட்டைக் கையேட்டின் பக்கங்களைவிட இந்த ஒரு டம்ளர் நன்றாக விளக்குகிறது.

அட்டைக் குழலில் எனாமல் கம்பியைச் சுற்றிச் செய்யும் காயிலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குழல் உறுதியாக இருக்கிறது, கம்பிதான் போதவில்லை. ஐந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள குழலில் ஏறத்தாழ 120 சுற்று என்பது இவ்வகை ரேடியோவுக்குப் பழைய கணக்கு. கொடுத்திருக்கும் கம்பி அதற்கு முன்பே தீர்ந்துவிடுகிறது. பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை இல்லாத ஊர் நம் பக்கத்தில் கிடையாது என்பதால் இது ஒரு பெரிய குறையாகாது. அங்கே 28 கேஜ் எனாமல் கம்பியை எடைபோட்டுத் தருவார்கள். நான் வாங்கிய கடையில் இருந்தவர் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பேட்டரி எங்க சார் போடணும்?" என்று கேட்டார். பேட்டரியே கிடையாது அண்ணாச்சி என்றதும், "அப்பம் கரண்டு பில்லும் வராது, நம்ம கடைக்கு வேலையும் வராது" என்று சிரித்துக்கொண்டே, எனாமலைச் சுரண்டுவதற்கு உப்புத்தாள் துண்டு ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தார். கம்பியின் முனைகளில் எனாமலைச் சுத்தமாகச் சுரண்டாவிட்டால் எதுவும் கேட்காது. இந்த முக்கியமான செய்தி கையேட்டில் அடிக்குறிப்பாகப் பொடி எழுத்தில் கிடக்கிறது.

இயர்போன் தேர்வைப் பாராட்ட வேண்டும். படைவீரர்கள் பயன்படுத்தியவை அதிக மின்தடை கொண்ட காந்த ஹெட்போன்கள். அவை இன்று எளிதில் கிடைப்பதில்லை. கைப்பேசிக்கு மாட்டும் இயர்போன்களின் தடை 16 அல்லது 32 ஓம் என்ற அளவில் இருப்பதால் இந்தக் கருவியில் நேரடியாகச் செருகினால் பயன் இல்லை. கிட்டில் உள்ள பீங்கான் வகை மிக நுண்ணிய மின்னோட்டத்துக்கும் ஒலி எழுப்புகிறது. ஆனால் அது மின்தேக்கியைப் போல மின்னூட்டத்தைத் தேக்கிக்கொள்வதால், அதன் இரு முனைகளுக்கும் குறுக்கே 47 கிலோ ஓம் மின்தடை ஒன்றை வைத்தால்தான் ஓசை நெருக்கப்படாமல் வரும். ஒன்றிரண்டு ரூபாய் விலையுள்ள அந்த மின்தடையைச் சேர்க்காமல் விட்டிருப்பது கஞ்சத்தனம் என்றே சொல்வேன்.

இப்போது நான் முதலில் சொன்ன ஏரியலும் எர்த்தும். பாளையங்கோட்டையில் இருக்கும் நமக்கு வாய்ப்பான நிலையம் 1963-இல் தொடங்கிய திருநெல்வேலி வானொலி. மத்திய அலையில் 1197 கிலோஹெர்ட்ஸ், 20 கிலோவாட். அதன் அலைநீளம் ஏறத்தாழ 250 மீட்டர். அவ்வளவு நீளமான அலைக்கு ஐந்து மீட்டர் ஒயரை ஜன்னலில் தொங்கவிடுவது, தாமிரபரணியில் ஊசியைப் போட்டுத் தண்ணீர் மொள்வது மாதிரி. அந்த ஒயருடன் மொட்டை மாடியில் வைத்துப் பார்த்தபோது, நடு இரவின் அமைதியில் காதை அழுத்திப் பிடித்தால் யாரோ பேசுகிறார்கள் என்று மட்டும் தெரிந்தது. மாடியின் ஒரு கைப்பிடிச் சுவரிலிருந்து எதிர் வீட்டு வேப்பமரம் வரை முப்பது மீட்டர் கம்பியை, இருபுறமும் நைலான் கயிற்றால் முடிந்து கட்டிய பிறகு செய்தி வாசிப்பவரின் ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. கம்பியைக் கட்டும்போது மின்வாரியக் கம்பிகள் பக்கத்தில் இல்லாத திசையைத் தேர்ந்தெடுப்பது உயிருக்கான எச்சரிக்கை. கையேட்டில் அது இல்லை.

எர்த் விஷயத்தில் கையேடு நம் ஊரை அறியாமல் எழுதப்பட்டிருக்கிறது. வீட்டின் தண்ணீர்க் குழாயில் கம்பியைச் சுற்றுங்கள் என்கிறது. இன்றைக்கு வீடுகளில் ஓடுவது பிளாஸ்டிக் குழாய். அதில் சுற்றினால் கம்பிதான் வீண். தெருக்கோடியில் இன்னும் பிழைத்திருக்கும் அடிபம்பு ஒன்றின் இரும்புக் குழாய் நிலத்தடி நீர் வரை இறங்குவதால் அதைவிடச் சிறந்த எர்த் கிடையாது. துருவைச் சுரண்டி அதில் கம்பியைச் சுற்றியதும் ஓசை இரு மடங்கானதுபோல் இருந்தது. குறுக்குத்துறையில் ஆற்றின் ஈரக் கரையில் ஓர் இரும்புக் கம்பியை முழங்கை ஆழம் அடித்து, இரண்டு மருத மரங்களுக்கு நடுவே ஏரியலைக் கட்டியபோதும் அதே பலன் கிடைத்தது.

திருச்செந்தூர்ப் பக்கம் குதிரைமொழித் தேரியில் (செம்மணல் காட்டில்) நிலைமை தலைகீழ். இரண்டு பனைகளுக்கு நடுவே ஏரியலைக் கட்டியாகிவிட்டது. தடை எதுவும் இல்லாத வெட்டவெளி. தூத்துக்குடி நிலையத்தின் 1053 கிலோஹெர்ட்ஸ் ஒலிபரப்போ இலங்கை வரை எட்டுவதற்காக 200 கிலோவாட்டில் அமைக்கப்பட்டது. இவ்வளவு இருந்தும், செம்மணலில் அடித்த எர்த் கம்பியால் ஒரு பயனும் இல்லை. காய்ந்த மணல் மின்சாரத்தைக் கடத்தாது; கம்பியைக் குடத்துத் தண்ணீர் ஊற்றி நனைத்தாலும் தேரி மணல் அந்த நீரை நொடியில் குடித்துவிடுகிறது. அங்கே கைகொடுத்தது வேறு வழி: ஏரியலுக்கு நேர் கீழே இன்னொரு நீளக் கம்பியைத் தரையிலேயே விரித்து, அதை எர்த்தாகப் பயன்படுத்துவது. பாட்டு வந்தது. அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளிக் கடற்கரையில், அலை நனைத்துவிட்டுப் போகும் மணலில் கம்பியைச் செருகியதும் தூத்துக்குடி நிலையம் இயர்போனைக் காதிலிருந்து விலக்கிப் பிடித்தாலும் கேட்கும் அளவுக்கு வந்தது. மத்திய அலை உப்புநீரின் மேல் மிகக் குறைந்த இழப்புடன் பயணம் செய்யும் என்பது பாடப்புத்தகச் செய்தி. திருச்செந்தூர்க் கரையில் அதைக் காதால் கேட்கலாம்.

அன்சியோவையும் இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். அந்தக் கரைப்பகுதி கடலை ஒட்டியது மட்டுமல்ல, பழைய பொன்டைன் சதுப்பு நிலத்தை வடித்து மீட்ட பகுதியையும் தொட்டது. கொஞ்சம் ஆழம் தோண்டினால் குழிக்குள் தண்ணீர் ஊறிவிடும். வீரர்களை வாட்டிய அந்த ஈரம்தான் அவர்களுடைய ரேடியோவுக்கு அருமையான எர்த்தாக அமைந்திருக்க வேண்டும் என்று கருதுகிறேன். அதே பிளேடோடு அவர்கள் நம் தேரியில் குழி வெட்டியிருந்தால் பாதிப் பேருக்கு எதுவும் கேட்டிருக்காது. கிட் செய்தவர்கள் பிளேடைப் படம் போட்டு விற்கிறார்கள். மண்ணைப் பற்றி ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள்.

நிலையங்களைப் பிரித்துக் காட்டும் திறமை இந்தக் கருவிக்கு மிகக் குறைவு. நிலையத்தை மாற்ற, காயிலின் மேல் நகரும் தொடுகம்பி ஒன்றுதான் உண்டு. பாளையங்கோட்டையில் திருநெல்வேலி நிலையம் ஓங்கி ஒலிக்க, அதன் பின்னணியில் தூத்துக்குடி முணுமுணுக்கும். திருச்செந்தூரில் அது நேர்மாறு. எஃப்.எம். நிலையங்களை இது வாங்காது. நாட்டின் பல இடங்களில் மத்திய அலை ஒலிபரப்பிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வருவதால், வாங்க நினைப்பவர்கள் தம் ஊரில் ஒரு மத்திய அலை நிலையம் வலுவாகக் கேட்கிறதா என்பதை ஒரு சாதாரண டிரான்சிஸ்டரில் சோதித்துவிட்டு வாங்குவது நல்லது. நம் பக்கத்து மூத்தவர்கள் உயிராய்க் கேட்ட இலங்கை வானொலிகூட, போர்க்காலத்தில் தென்கிழக்கு ஆசியப் படைகளுக்காகக் கொழும்பிலிருந்து நடத்தப்பட்ட படை வானொலியின் வாரிசுதான் என்பதைக் கையேடு சொல்லியிருக்கலாம், அன்சியோவோடு நின்றுவிட்டது.

இதற்கு உரிமம் வேண்டுமா என்று சிலர் கேட்டார்கள். வேண்டாம். வானொலிப் பெட்டிக்கு அஞ்சலகத்தில் பணம் கட்டிப் புத்தகத்தில் பதிந்துகொண்ட காலம் 1980களிலேயே முடிந்துவிட்டது. இது கேட்கும் கருவி மட்டுமே. ஆனால் இதனால் ஆர்வம் தூண்டப்பட்டு, பழைய படைத்தளவாடம் என்று விற்கப்படும் பேசும் கருவிகளை வாங்க முனைபவர்கள் கவனமாக இருக்க வேண்டும். அலையை வெளியே விடும் கருவியை உரிமமின்றி வைத்திருப்பது சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும்.

ஐப்பசி, கார்த்திகையில் நெல்லையில் இடி இறங்கும் மாலைகளைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாடியில் உயரமாகக் கட்டிய முப்பது மீட்டர் கம்பியை அந்த மாதங்களில் அவிழ்த்து வைத்துவிடுவதே பாதுகாப்பு. மேகம் கூடும்போது இயர்போனைக் காதில் வைத்திருக்கக் கூடாது. பிள்ளைகளுக்காக வாங்குபவர்கள் பிளேடின் இரு விளிம்புகளையும் பலகையில் ஒட்டுநாடாவால் மூடிய பிறகே கையில் கொடுக்க வேண்டும். பக்கத்து வீட்டில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மாணவி பெரியவர் துணையோடு ஒரே மாலையில் இதைக் கட்டி முடித்தாள். படங்கள் தெளிவாக இருப்பதால் ஆங்கிலம் அவளுக்குத் தடையாக இல்லை.

விலையைப் பொறுத்தவரை, இது கூடுதல். எனாமல் கம்பி மோட்டார் காயில் கடையில் கிடைக்கிறது. பலகை தச்சுப்பட்டறையில் கழித்த துண்டு. ஊக்கும் பென்சிலும் வீட்டில் இருக்கின்றன. நல்ல பிளேடு பழைய சாமான் கடையில்தான் கிடைத்தது. நம் ஊர்க் கடைகளில் கேட்டுக் கிடைக்காமல் போன ஒரே பொருள் அந்தப் பீங்கான் இயர்போன். விற்பவர்கள் அதையும் 47 கிலோ ஓம் மின்தடையையும் மட்டும் தனியாக ஒரு சிறு உறையில் போட்டு விற்றால், முழுப் பெட்டியை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அதுவரை, கையில் ஆயிரம் ரூபாயும் வீட்டருகே ஓர் அடிபம்பும் உள்ளவர்கள் வாங்கலாம்.